வெயிலால் புண்ணாகும் கீழ் உதடு: கோலாலம்பூரில் எங்கே காட்டுவது, என்ன எடுத்துப்போவது, எவ்வளவு ஆகும்

கீழ் உதடு மாதக்கணக்கில் காய்ந்தே இருக்கிறது, தோல் உரிகிறது, மறுபடி காய்கிறது, எந்த களிம்பு போட்டாலும் இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு பழையபடி ஆகிவிடுகிறது. உங்களுக்கோ வீட்டில் பெரியவர்கள் யாருக்கோ இப்படி இருந்தால் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். என் அப்பா சாலைப் பராமரிப்பு வேலையில் பல வருஷம் வெயிலில் நின்றவர். அவர் உதட்டுக்கு என்ன என்று தெரிந்துகொள்ளவே எங்களுக்கு ரொம்ப நாள் போனது. 'உடம்பு சூடு, பார்லி தண்ணி குடிங்க' என்றார்கள், விட்டமின் குறைவு என்றார்கள், ஒரு கிளினிக்கில் வாசலின் டப்பா கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் பயாப்சி, அதாவது துளி சதை எடுத்து ஆய்வகத்தில் பார்ப்பது, எடுத்த பிறகுதான் பெயர் தெரிந்தது: ஆக்டினிக் கைலைட்டிஸ். வெயிலின் புற ஊதாக் கதிர் வருஷக்கணக்காகப் பட்டுப் பட்டு உதட்டில் வரும் நாள்பட்ட அழற்சி.

இதைச் சாதாரண வறட்சி மாதிரி விட்டுவிடக் கூடாது. இது புற்றுநோய்க்கு முந்தைய நிலையாகக் கருதப்படுகிறது. எல்லோருக்கும் புற்றாக மாறுவதில்லை, ஆனால் மாறினால், உதட்டில் வரும் ஸ்குவாமஸ் செல் புற்று (தோலின் மேல் அடுக்குச் செல்களில் தொடங்குவது), தோலின் மற்ற பல இடங்களில் வரும் அதே புற்றைவிடக் கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவும் வாய்ப்பு கூடுதல். நேரத்தோடு பிடித்தால் சிகிச்சை சின்னதாக முடிந்துவிடும். அதனால்தான் வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, மருந்தை முடிவு செய்வது அவர்கள் வேலை. அவர்கள் முன்னால் சரியான தாளோடு, சரியான நேரத்தில் போய் உட்காருவது எப்படி என்பதுதான் நான் சொல்லப்போவது.

1. முதலில் பகல் வெளிச்சத்தில் உதட்டைப் பாருங்கள்

ஜன்னல் பக்கம் நின்று, உதட்டுச் சாயம், எண்ணெய் எதுவும் இல்லாமல் பாருங்கள். வெயில் அழற்சி பெரும்பாலும் கீழ் உதட்டில்தான் வரும், ஏனென்றால் அது சற்று மேல்நோக்கித் திரும்பியிருப்பதால் வெயிலை நேராக வாங்குகிறது. உதட்டின் சிவந்த பகுதியில் நிறமி குறைவு, தோலும் மெல்லிசு. மாநிறம், கறுப்பு நிறத்தவருக்கு வெள்ளையரைவிட ஆபத்து குறைவுதான், ஆனால் நமக்கு வராது என்று அர்த்தமில்லை. மோட்டார் சைக்கிளில் பொருள் கொண்டுபோகிறவர்கள், காவலாளிகள், கட்டுமான வேலைக்காரர்கள், மீனவர்கள், தோட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கவனிக்க வேண்டும். சிகரெட் பழக்கம் இருந்தாலும், உறுப்பு மாற்று செய்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிட்டாலும் இன்னும் கூடுதலாக.

பார்க்க வேண்டியவை இவை: உதட்டுக்கும் முகத்தோலுக்கும் நடுவே இருக்கும் தெளிவான கோடு மங்கிப்போயிருக்கிறதா, விரலால் தடவினால் மணல்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கிறதா, வெள்ளைத் திட்டு அல்லது சிவப்பும் வெள்ளையும் கலந்த திட்டு இருக்கிறதா, குறுக்கே ஆறாத வெடிப்பு இருக்கிறதா. வலி இல்லாமலும் இருக்கலாம், அப்பாவுக்கு வலியே இல்லை. வலி இல்லாததால்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள்.

வேறு சில உதட்டுப் பிரச்சினைகளும் இதே மாதிரி தெரியும். கொத்தாக நீர்க்கொப்புளம் வந்து ஒன்றரை வாரத்துக்குள் ஆறிவிட்டு, பிறகு வெயிலிலோ காய்ச்சலிலோ அதே இடத்தில் திரும்ப வந்தால் அது ஹெர்பிஸ். வாயின் இரண்டு ஓரங்களில் மட்டும் வெடித்தால் பூஞ்சை, பல்செட் பொருந்தாதது, இரும்புச்சத்து குறைவு என்று காரணம் வேறு. மேல் உதடு கீழ் உதடு இரண்டும் அரித்துச் சிவந்தால் பற்பசை, லிப்ஸ்டிக், வாசனை சேர்த்த லிப் பாம் ஏதாவது ஒவ்வாமல் இருக்கலாம். இளம் பெண்களுக்கு உதட்டோடு கன்னத்தில் தடிப்பும் மூட்டு வலியும் சேர்ந்து வந்தால் லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்) பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். முகப்பரு மாத்திரை ஐசோட்ரெடினோயின் சாப்பிடுகிறவர்களுக்கு உதடு காய்வது அந்த மருந்தால். இதில் எது உங்களுக்கு என்று நீங்களே தீர்ப்பு சொல்லிக்கொள்ள வேண்டாம், கேட்கும்போது தெளிவாகப் பதில் சொல்வதற்காகத் தெரிந்துகொள்ளுங்கள்.

2. இவை இருந்தால் அந்த வாரமே போங்கள்

மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண். தொட்டால் கெட்டியாக இருக்கும் இடம். லேசாக உரசினாலே ரத்தம் வருவது. வளர்ந்துகொண்டே போகும் கட்டி அல்லது மரு மாதிரி ஒன்று. உதட்டில் மரத்துப்போன உணர்வு. தாடைக்குக் கீழே அல்லது கழுத்தில் நெறிக்கட்டி. இவற்றில் ஒன்று இருந்தாலும் தீபாவளி முடியட்டும், பள்ளி விடுமுறை முடியட்டும் என்று சொல்லாதீர்கள்.

3. போவதற்கு முன் சேர்க்க வேண்டியவை

அடையாள அட்டை, பழைய மருத்துவ அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். ஓய்வூதியக்காரர் என்றால் அந்த அட்டை. மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால் அதுவும். வீட்டில் யாராவது அரசு ஊழியர் என்றால் பெற்றோருக்கும் மருத்துவக் கட்டணச் சலுகை உண்டு, அதற்கு உறுதிக் கடிதம் (செலவை ஏற்பதாகச் சொல்லும் கடிதம்) வேண்டும், அரசு ஊழியர்களின் இணையப் பதிவான எச்.ஆர்.எம்.ஐ.எஸ் கணக்கிலிருந்தே எடுத்துவிடலாம். போகும் நாளுக்கு முந்தைய ராத்திரி தேடாமல் முன்னமே எடுத்து வையுங்கள்.

படம் எடுங்கள். ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், வாரம் ஒன்று, தேதி தெரியும்படி. டாக்டரைப் பார்க்கும் நாளில் உதடு நன்றாக இருந்துவிடும், அதுதான் பெரிய தொல்லை. கைபேசியில் ஆறு வாரப் படம் வரிசையாக இருந்தால் 'அப்பப்போ வருது டாக்டர்' என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

சாப்பிடும் மருந்துகளின் பட்டியலை எழுதுங்கள், முடிந்தால் மருந்து அட்டைகளையே எடுத்துப்போங்கள். குறிப்பாக ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு இருக்கிறதா என்று பாருங்கள், தனியாகவும் இருக்கும், வேறு மாத்திரையோடு கலந்தும் இருக்கும். அது தோலை வெயிலுக்குக் கூசவைக்கும். நீண்ட காலம் சாப்பிட்டவர்களுக்குத் தோல் புற்று, உதட்டுப் புற்று ஆபத்தோடு அதற்குத் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டியதால் 2018-இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் எச்சரிக்கையும் கொடுத்தார்கள். அதற்காக நீங்களே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், ரத்த அழுத்தம் எகிறினால் அது வேறு ஆபத்து. டாக்டரிடம் சொன்னால் மாற்றலாமா என்று அவர் பார்ப்பார். ரத்தத்தை இளக்கும் மாத்திரைக்கும் இதே விதிதான், பயாப்சிக்கு முன் சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது.

அப்புறம் ஒரு சின்னத் தாளில் இதை எழுதுங்கள்: எத்தனை மாதமாக இருக்கிறது, எத்தனை வருஷம் வெயிலில் வேலை, சிகரெட், வெற்றிலை பாக்கு பழக்கம் உண்டா, என்னென்ன களிம்பு போட்டுப் பார்த்தீர்கள். அப்பா டாக்டர் முன்னால் எல்லாவற்றுக்கும் 'ஒண்ணும் இல்ல, பரவாயில்ல' என்பார். அந்தத் தாள்தான் அவருக்குப் பதிலாகப் பேசியது.

4. எந்த வழியாகப் போவது

மூன்று வழி இருக்கிறது. முதலாவது, வீட்டுப் பக்கத்து கிளினிக் கெசிஹாத்தான், அதாவது அரசு சுகாதார கிளினிக். குடிமக்களுக்கு 1 ரிங்கிட், 60 வயது தாண்டியவர்களுக்கு அதுவும் இல்லை. மைசெஜாத்ரா செயலியில் நேரம் பதிவு செய்துகொண்டு போனால் காத்திருப்பு குறையும். அங்கேயிருந்து அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள். தலைநகரில் இருப்பவர்களுக்கு ஜாலான் பஹாங்கில் உள்ள கோலாலம்பூர் மருத்துவமனை, பினாங்கில் இருப்பவர்களுக்கு ஜார்ஜ் டவுனில் உள்ள பினாங்கு மருத்துவமனை, இரண்டிலும் தோல் பிரிவு உண்டு. கோலாலம்பூர் மருத்துவமனைக்குக் காரில் போய் நிறுத்த இடம் தேடி அலையாதீர்கள், புத்ராஜெயா எம்.ஆர்.டி ரயில் தடத்தில் மருத்துவமனை பெயரிலேயே நிலையம் இருக்கிறது.

இரண்டாவது வழி பலருக்குத் தோன்றுவதே இல்லை: அரசு பல் மருத்துவமனை. உதடும் வாயும் அவர்கள் பார்க்கும் இடம். மலேசிய இந்தியர்களிடையே வாய்ப்புற்று அதிகம் என்பதால் தோட்டப்புறங்களிலும் மற்ற இடங்களிலும் வாய்ப்புற்றுப் பரிசோதனை செய்து பழகியவர்கள். சந்தேகம் இருந்தால் வாய் அறுவைப் பிரிவுக்கோ வாய் நோய் நிபுணருக்கோ அனுப்புவார்கள். தோல் பிரிவில் தேதி தூரமாகக் கிடைத்தால் இந்தக் கதவையும் தட்டுங்கள். வெற்றிலை போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன், உதட்டோடு வாய்க்குள்ளும் பார்த்துவிடுவார்கள்.

மூன்றாவது, தனியார் தோல் நிபுணர். நிபுணரின் முதல் ஆலோசனைக் கட்டணத்துக்கு அரசு வகுத்த அட்டவணை 80 முதல் 235 ரிங்கிட் வரை. பயாப்சி, ஆய்வகக் கட்டணம், மருந்து எல்லாம் தனி. போன் செய்து 'உதட்டில் பயாப்சி எடுத்தால் ஆய்வகச் செலவோடு மொத்தம் எவ்வளவு' என்று கேட்டுவிட்டுப் போங்கள், மொத்தம் என்ற சொல்லை அழுத்திக் கேளுங்கள். பல காப்புறுதி மருத்துவ அட்டைகள் வெளிநோயாளியாகப் பார்ப்பதற்குப் பணம் கொடுக்காது, படுக்கையிலோ பகல் அறுவையிலோ செய்தால்தான் கொடுக்கும். லேசர் என்ற பெயரைக் கண்டதும் அழகுச் சிகிச்சை என்று காப்புறுதி நிறுவனம் மறுக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால் உறுதிக் கடிதம் கேட்கும்போது நோயின் பெயரும் பயாப்சி முடிவும் அதில் இருக்கட்டும்.

குடிமக்கள் இல்லாதவர்களுக்கு, அதாவது தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கோ படிக்கவோ வந்திருப்பவர்களுக்கு, அரசு மருத்துவமனையிலும் கட்டணம் பல மடங்கு. கடப்பிதழ், வேலை அனுமதி அல்லது மாணவர் அனுமதி, காப்புறுதி அட்டை மூன்றையும் கொண்டுபோங்கள், முதலாளியிடம் உறுதிக் கடிதம் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

5. பரிந்துரைக் கடிதம்: இங்கேதான் மாதங்கள் போகும்

தோல் பிரிவில் கடிதத்தைப் படித்துத்தான் யாருக்கு அவசரம் என்று பிரிக்கிறார்கள். 'உதடு வறட்சி' என்று மட்டும் எழுதிய கடிதத்துக்குத் தேதி மாதக்கணக்கில் தள்ளிப் போகும். எங்களுக்கு முதலில் கிடைத்த கடிதம் அப்படிப்பட்டதுதான். எத்தனை வாரமாக ஆறவில்லை, கெட்டியாக இருக்கிறதா, ரத்தம் வருகிறதா, வெயில் வேலை எத்தனை வருஷம், புற்றுக்கு முந்தைய நிலையோ என்ற சந்தேகம் உண்டா, இவையெல்லாம் உங்களுக்கு இருந்தால் கடிதத்தில் எழுதும்படி மரியாதையாகக் கேளுங்கள். நீங்கள் எழுதிக்கொண்டுபோன தாளை நீட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். இல்லாததைச் சொல்லாதீர்கள், இருப்பதை விட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான்.

அரசு கிளினிக் கடிதத்தோடு போனால் நிபுணரை முதல்முறை பார்க்கக் கட்டணம் இல்லை, அடுத்தடுத்த முறைக்கு 5 ரிங்கிட். தனியார் கிளினிக் கடிதம் என்றால் முதல்முறைக்கு 30 ரிங்கிட். இதில் சிக்கல் என்னவென்றால், பக்கத்துத் தனியார் டாக்டரிடம் ஏற்கெனவே காட்டியிருப்பீர்கள், அவர் கடிதமும் கொடுத்திருப்பார். அவசர அறிகுறி இருந்தால் 30 ரிங்கிட்டைப் பார்க்காமல் அதையே எடுத்துக்கொண்டு போங்கள். கட்டணங்கள் மாறக்கூடியவை, முகப்பில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். தேதி கிடைத்த பிறகு உதடு மோசமானால் அந்தத் தேதி வரைக்கும் பொறுத்திருக்க வேண்டாம், கிளினிக்குக்கே திரும்பிப் போய், என்ன மாறியது என்று காட்டித் தேதியை முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள்.

6. பயாப்சி: பயப்பட வேண்டாம், தவிர்க்கவும் வேண்டாம்

பார்த்த மாத்திரத்தில் அனுபவமுள்ள டாக்டர் சொல்லிவிடுவார், ஆனால் உள்ளே செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பது கண்ணுக்குத் தெரியாது. சந்தேகமான இடத்தில் ஊசி போட்டு மரத்துப்போகவைத்து, சில மில்லிமீட்டர் அளவுக்குச் சதை எடுத்து, தேவைப்பட்டால் ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். ஊசி குத்தும்போது சுரீர் என்று இருக்கும், உதட்டில் நரம்பு அதிகம். அதற்கப்புறம் வலி தெரியாது. அன்றைக்கே வீடு. ஆனால் மரத்துப்போன உதட்டோடு சூடான கோப்பி குடிக்கக் கூடாது, சுட்டாலும் தெரியாது. எம்.சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) வேண்டுமென்றால் அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மறுநாள் போய்க் கேட்பது கஷ்டம்.

'கத்தி பட்டா பரவிடும்' என்று வீட்டுக்கு வந்த ஓர் அத்தை அப்பாவிடம் சொல்லிவிட்டார், அதை அவர் மனதிலிருந்து எடுக்கவே பெரிய பாடாகிவிட்டது. பயாப்சி எடுப்பதால் இது புற்றாக மாறாது. எடுக்காமல் விட்டால்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே போகும்.

முடிவு வரச் சில வாரம் ஆகலாம். முடிவு கேட்கும் தேதியை வாங்காமல் அந்த இடத்தை விட்டு வராதீர்கள். 'ஏதாவது இருந்தா கூப்பிடுவாங்க' என்ற நம்பிக்கையில் இருக்க வேண்டாம், யாரும் கூப்பிடாததை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். முடிவைப் பார்க்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: டிஸ்பிளேசியா (புற்றுக்கு முந்தைய செல் மாற்றம்) இருக்கிறதா, இருந்தால் லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா? புற்று இருக்கிறதா? அந்த ஆய்வக அறிக்கையின் நகலை அப்போதே கேளுங்கள். பிறகு முழு மெடிக்கல் ரிப்போர்ட் வேண்டும் என்றால் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், மறுபடி வாரக்கணக்கில் காத்திருப்பு.

புற்று என்றே வந்துவிட்டால் அது வேறு பாதை, அங்கே எல்லாம் வேகமாக நடக்கும். எஸ்.டி.ஆர் என்ற அரசு ரொக்க உதவி பெறும் குடும்பமாக இருந்தால், குறைந்த வருமானக்காரர்களுக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் புற்றுச் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு ஊக்கத்தொகையும் போக்குவரத்து உதவியும் உண்டு, மருத்துவமனைச் சமூகநலப் பிரிவில் கேளுங்கள்.

7. சிகிச்சையைத் தேர்வு செய்யும்போது

ஒரு சின்ன இடம் மட்டும் என்றால் திரவ நைட்ரஜனால் உறையவைக்கும் கிரையோ சிகிச்சை செய்யலாம். சில நொடி வேலை, பிறகு வீங்கி, கொப்புளம் வந்து, பொருக்குத் தட்டி, இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் ஆறிவிடும். நம் நிறத்தில் அந்த இடம் வெளுத்துப்போக வாய்ப்பு உண்டு, இதை முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள்.

உதடு முழுக்கப் பரவியிருந்தால் 5-ஃபுளூரோயுராசில் களிம்பு கொடுக்கலாம், சிலருக்கு இமிக்விமோட். ஃபுளூரோயுராசிலை வழக்கமாக 2 முதல் 4 வாரம் போடச் சொல்வார்கள். இங்கேதான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் உதடு முதலில் மோசமாகும். சிவந்து, எரிந்து, பொருக்குத் தட்டி, பார்க்கவே பயமாக இருக்கும். மருந்து கெட்டுப்போன செல்களைத் தாக்கும்போது அப்படித்தான் ஆகும், நிறுத்திய பிறகு சில வாரத்தில் புதுத் தோல் வரும். எந்த அளவு மோசமானால் நிறுத்தலாம், யாரைக் கூப்பிடலாம் என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள், கர்ப்பத்துக்கு முயற்சி செய்கிறவர்கள் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். களிம்பைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், பேரப்பிள்ளைகளை முத்தமிடும் வேலையெல்லாம் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள்.

தொடங்கும் தேதியைக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நடுவில் வீட்டில் கல்யாணம் வந்தால் பாதியில் நிறுத்தத் தோன்றும். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ வெயிலில் நடக்கப் போகிறவர்கள் அது முடிந்த பிறகு தொடங்கலாமா என்று கேளுங்கள். அலகு குத்தும் நேர்த்திக்கடன் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். களிம்பு போடும் வாரங்களில் சம்பல், ரசம், எலுமிச்சை ஊறுகாய் எதுவும் உதட்டில் படக் கூடாது. தயிர் சாதம், ஆறிய கஞ்சி, இட்லி. பொருக்கைப் பிய்க்காமல் வெள்ளைப் பாரஃபின் களிம்பு போட்டுவந்தால் போதும்.

செல் மாற்றம் கடுமையானது என்றாலோ களிம்புக்கு அடங்கவில்லை என்றாலோ கார்பன் டை ஆக்சைடு லேசர், அல்லது உதட்டின் சிவந்த மேற்பகுதியை நீக்கி உள்பக்கத்துச் சவ்வை இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சை. கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் எடுத்த சதை முழுவதையும் ஆய்வகத்தில் பார்க்க முடியும் என்பது அதில் பெரிய நன்மை, லேசரில் அது முடியாது. கொஞ்ச நாள் மரப்பும் இறுக்கமும் இருக்கலாம். ஒளியைப் பயன்படுத்தும் போட்டோடைனமிக் சிகிச்சையும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. ஃபுளூரோயுராசிலை இணையத்தில் மலிவாக விற்கிறார்கள், வாங்காதீர்கள். இங்கே பதிவான மருந்துப் பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் எண் இருக்கும், இல்லாவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதோடு, புற்று இருக்கிறதா என்று பார்க்காமல் நீங்களே போட்டால் மேல்தோல் ஆறி, அடியில் இருப்பது மறைந்துவிடலாம். ஸ்டீராய்டு களிம்பும் அப்படித்தான், சிவப்பை அடக்கி எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி காட்டும். நெய், தேன், தேங்காய் எண்ணெய் தடவினால் வறட்சிக்கு இதமாக இருக்கும், வெயிலைத் தடுக்காது. எலுமிச்சையைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள், சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்துபோகும்.

8. வெயில் காப்பு, இன்றைக்கே தொடங்கலாம்

இதற்கு யார் கடிதமும் வேண்டாம். எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள, வாசனை இல்லாத லிப் பாம் ஃபார்மசியில் வாங்குங்கள், ஜிங்க் ஆக்சைடு சேர்த்தது நல்லது. பெட்டியில் 'நாட்' என்று தொடங்கும் அறிவிப்பு எண் இருக்கிறதா பாருங்கள். வெளியே போவதற்குக் கொஞ்சம் முன்பே போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, சாப்பிட்டு வாய் துடைத்த பிறகு ஒருமுறை போட வேண்டும். காலையில் ஒரு தடவை போட்டால் மத்தியானச் சாப்பாட்டோடு போய்விடும்.

நம் கடிகாரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, கோலாலம்பூரில் ஏறக்குறைய 1.15-க்கு, பினாங்கில் இன்னும் சில நிமிடம் தாமதமாக. அதனால் மத்தியானம் 3 மணி வெயிலும் கடும் வெயில்தான். மேகம் மூடியிருந்தாலும் புற ஊதாக் கதிர் கணிசமாக இறங்கும். மேஸ்திரியிடம் பேசி, கூரைக்குக் கீழே செய்யக்கூடிய வேலையை 11 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில் மாற்றிக்கொள்ள முடிந்தால் அது எந்த களிம்பைவிடவும் பெரிய உதவி. முன்பக்கம் மட்டும் நீண்ட தொப்பி கீழ் உதட்டுக்குச் சரியாக நிழல் தராது, சுற்றிலும் அகலமான விளிம்பு வேண்டும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கியே ஓட்டுங்கள். சிகரெட்டை விட கிளினிக் கெசிஹாத்தானிலேயே ஆலோசனை கொடுக்கிறார்கள், உதட்டைக் காட்டப் போகும் அன்றே கேட்டுவிடலாம்.

9. ஆறிய பிறகும் தேதி வாங்குங்கள்

எந்தச் சிகிச்சை செய்தாலும் இது திரும்ப வரலாம், பழைய வெயிலின் பாதிப்பு பக்கத்துத் தோலிலும் இருக்கிறது. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும் என்பது பயாப்சி முடிவைப் பொறுத்தது, டாக்டரிடமே கேட்டு அடுத்த தேதியை அட்டையில் எழுதி வாங்குங்கள். உதடு அழகாகத் தெரிகிறது என்று அந்தத் தேதியை விட்டுவிட்டால் சில இடங்களில் புதுக் கடிதம் வாங்கி முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். வேறு ஊருக்கு மாறிப்போவதாக இருந்தால், போவதற்கு முன்பே புது மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள், அதோடு பயாப்சி நகல், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படம் இரண்டையும் வைத்துக் கொடுங்கள்.